பையனுக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

பெங்களூரு பெல்லந்தூரில் இருக்கிறோம். எங்கள் அபார்ட்மென்டில் போன வாரம் ஒரு முகாம் போட்டார்கள். எச்சிலைப் பரிசோதித்து, பிள்ளைக்கு எந்த விளையாட்டு வரும் என்று சொல்வார்களாம். மகனுக்கு 12 வயது. பேட்மின்டன் கோச்சிங்கில் முதல் பேட்ச்சில் சேர்க்கவில்லை என்ற கோபத்தில் ஒரு வருடமாக ராக்கெட்டையே தொடவில்லை. "நம்ம ரெண்டு குடும்பத்துலயும் எவன் விளையாடினான்? ரத்தத்துலயே இல்ல" என்கிறார் கணவர். சிறுவயதில் விளையாடாதவர்கள் பெரியவர்களான பிறகும் விளையாட மாட்டார்கள் என்று எங்கோ படித்தேன். இவன் கதை முடிந்ததா?

சுமதி

அன்புள்ள சுமதி,

டெஸ்ட் வேண்டாம். இம்மாதிரிப் பரிசோதனைகளில் அடிக்கடி அடிபடுவது ஏசிடிஎன்3 என்ற ஜீன். வேகமாக இயங்கும் தசை இழைகளில் உள்ள ஒரு புரதத்தை உருவாக்குவது அதன் வேலை. அந்தப் புரதமே உடம்பில் இல்லாத ஸ்பெயின் நீளம் தாண்டும் வீரர் ஒருவர் ஒலிம்பிக் வரை போயிருக்கிறார். பிள்ளைகளின் திறமையைக் கண்டுபிடிக்க இந்தப் பரிசோதனைகள் உதவாது என்று 2015இல் இத்துறை ஆய்வாளர்களே சேர்ந்து அறிக்கை வெளியிட்டார்கள்.

ஆனால் உங்கள் கணவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 7 நாடுகளில் 37,000க்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளைப் பார்த்தது. பெரியவர்களில் ஒருவர் உடற்பயிற்சி செய்கிறார், இன்னொருவர் செய்வதில்லை என்ற வேறுபாட்டில் மரபணுவின் பங்கு பெரும்பாலும் 48 முதல் 71% வரை வந்தது. சரி, பிள்ளைகளுக்கு? நெதர்லாந்தில் 13 முதல் 16 வயது வரையிலான இரட்டையரிடம் மரபணுவின் பங்கு ஏறக்குறைய இல்லவே இல்லை, 80% அளவுக்கு வீட்டுச் சூழல்தான். 18 தாண்டியதும் தலைகீழ்: மரபணு 85%. அதுவரை ஃபீஸ் கட்டி, வண்டியில் கொண்டுபோய் விடுவது அப்பா அம்மா. அதற்கப்புறம் அவரவர் இஷ்டம்.

இந்த எண்களை அப்படியே பெல்லந்தூருக்குக் கொண்டுவர மாட்டேன். அந்த 7 நாடுகள் ஆஸ்திரேலியா, பிரிட்டன், நெதர்லாந்து, வட ஐரோப்பிய நாடுகள். மைதானமும் கிளப்பும் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஊர்களில், மிஞ்சும் வேறுபாடு மரபணுவில்தான் தெரியும். கிடைக்காத ஊரில் மைதானம்தான் பாதியைத் தீர்மானிக்கும். நம் அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில் பீலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். அந்தத் தெருப் பையன்களின் ரத்தத்தில் கால்பந்து இருக்கிறது என்று பேசுவது கேட்க நன்றாக இருக்கும். அண்ணன் ஆடினான், பக்கத்து வீட்டுக்காரன் ஆடினான், இவனும் இறங்கினான் என்பதுதான் எனக்குத் தெரிந்த காரணம். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கால்பந்து அணியின் அருமைநாயகமும் இந்த ஊர்க்காரர்தான்.

நீங்கள் படித்தது ஃபின்லாந்து ஆய்வாக இருக்கலாம். 1980இலிருந்து பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சிறுவயதில் வருடக்கணக்கில் விடாமல் விளையாட்டுப் பயிற்சிக்குப் போனவர்கள், 21 வருடம் கழித்தும் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாக இருந்தார்கள். ஆனால் இயல்பிலேயே பிடித்தவன்தானே விடாமல் போயிருப்பான்? பழக்கம் எவ்வளவு, இயல்பு எவ்வளவு என்று அதில் பிரித்தெடுப்பது கஷ்டம். தொடர்பும் அப்படியொன்றும் இறுக்கமானதல்ல. அதனால் 12 வயதில் யார் கதையும் முடிவதில்லை.

எனக்கு எரிச்சல் அந்த முதல் பேட்ச் மேல்தான். இந்த வயதில் சீக்கிரம் வளர்ந்துவிட்ட பையன் பலசாலியாகத் தெரிவான், கோச் அவனை எடுத்துக்கொள்வார். சில வருடங்களில் மற்றவன் எட்டிப் பிடித்துவிடுவான், அதற்குள் விளையாட்டை விட்டிராவிட்டால். உங்கள் மகனுக்கு ஷட்டில் பிடிக்காமல் போகவில்லை, வரிசையில் பின்னால் நிறுத்தியதுதான் பிடிக்கவில்லை. பேட்ச் பிரிக்காத இடமாகப் பாருங்கள். கூடவே நீச்சலும் கற்றுக்கொடுங்கள், 40 வயதில் குளத்தில் இறங்கினாலும் மறந்திருக்காது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியப் பெரியவர்களில் பாதிப்பேர் போதுமான உடலுழைப்பு இல்லாதவர்கள், பெண்களில் 57%. உங்கள் அபார்ட்மென்டில் ஷட்டில் கோர்ட் இருக்குமே? சாயங்காலம் கணவரையும் இழுத்துக்கொண்டு போய் அவனோடு ஆடுங்கள். கொஞ்ச நாளைக்கு அவன்தான் ஜெயிப்பான்.