1,500 மணிநேரமா, 200 மணிநேரமா? விமானி வேலையும் சம்பளக் கணக்கும்

கேள்வி: வணிக விமானி உரிமம் வாங்கிவிட்டேன். பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் 230 மணிநேரம் இருக்கிறது. 1,500 மணிநேரம் இல்லாமல் ஏர்லைன் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க முடியாது என்கிறார் ஒருவர். ஆனால் 200 சொச்சம் மணிநேரத்திலேயே ஜெட் விமானத்தில் துணை விமானியாக உட்கார்ந்தவர்களையும் பார்க்கிறேன். எது உண்மை? பயிற்சியாளர் வேலை பார்த்து மணிநேரத்தைச் சேர்த்துக்கொண்டு போனால் சம்பளம் கூடுதலாகக் கிடைக்குமா?

பதில்: இரண்டுமே உண்மைதான். இரண்டு வேறு உரிமங்களின் கணக்கு உங்கள் காதில் ஒன்றாகக் கலந்து விழுந்திருக்கிறது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ வகுத்திருக்கும் குறைந்தபட்சத் தகுதிப்படி, வணிக விமானி உரிமமான சிபிஎல்லுக்கு 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டத்தில் படித்தால் 150 போதும். விமான நிறுவன விமானி உரிமமான ஏடிபிஎல்லுக்குத்தான் 1,500. கேப்டன் நாற்காலிக்கு ஏடிபிஎல் வேண்டும். அருகில் இருக்கும் துணை விமானிக்குப் பெரும்பாலான நாடுகளில் சிபிஎல்லும், வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும், அந்த விமான வகைக்கான டைப் ரேட்டிங்கும் இருந்தால் சட்டப்படி தடையில்லை. ஐரோப்பாவில் ஏடிபிஎல் எழுத்துத் தேர்வுகளை முதலிலேயே முடித்துவிட்டு வேலைக்குச் சேர்வார்கள். இதை ஃப்ரோசன் ஏடிபிஎல், அதாவது உறைந்த ஏடிபிஎல், என்பது பேச்சுவழக்கு. 1,500 மணிநேரம் சேர்ந்து, அதில் 500 மணிநேரமாவது இரு விமானிகள் ஓட்டும் விமானத்தில் இருந்தால் உறைந்த உரிமம் உருகிவிடும். இரு விமானிகள் ஓட்டும் விமானத்தில் துணை விமானியாவதற்கென்றே 2006ல் ஐசிஏஓ கொண்டுவந்த எம்பிஎல் என்ற உரிமத்துக்கு, சிமுலேட்டரையும் சேர்த்தே 240 மணிநேரம்தான்.

இதற்குப் பெரிய விதிவிலக்கு அமெரிக்கா. உங்கள் உரிமம் எந்த நாட்டுடையது என்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்க நிறுவனத்தில் சேர்வதாக இருந்தால் முதல் ஆள் சொன்னதுதான் சட்டம். அங்கே துணை விமானிக்கும் 1,500. அந்த எண் வந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் சம்பளக் கேள்விக்கு விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

2009 பிப்ரவரி 12 இரவு. பஃபலோ நகரில் இறங்கப் போய்க்கொண்டிருந்த கோல்கன் ஏர் 3407 என்ற டர்போபிராப் விமானம் வேகம் குறைந்து, இறக்கைகள் தாங்கும் விசையை இழந்து (இதுதான் ஸ்டால்), ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்துபோனார்கள். ஸ்டால் நெருங்குகிறது என்று, கட்டுப்பாட்டுத் தண்டை உதறவைக்கும் ஸ்டிக் ஷேக்கர் எச்சரித்ததும் மூக்கை இறக்கி வேகத்தைக் கூட்ட வேண்டும். கேப்டன் அதற்கு நேர்மாறாகக் கட்டுப்பாட்டைப் பின்னால் இழுத்தார் என்பது விசாரணையின் முடிவு. துணை விமானி முந்தைய இரவு நாட்டின் மறுகோடியான சியாட்டிலிலிருந்து சரக்கு விமானங்களில் ஏறி வேலைக்கு வந்து சேர்ந்தவர். களைப்பு, பயிற்சிக் குறைபாடு, சிறிய பிராந்திய நிறுவனங்கள் கொடுத்த சொற்பச் சம்பளம் எல்லாமே விசாரணையில் வெளியே வந்தன.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் கேப்டனின் கணக்கில் 3,300 மணிநேரத்துக்கு மேல், துணை விமானியின் கணக்கில் 2,200 மணிநேரத்துக்கு மேல் இருந்தது. 1,500 என்ற விதி அன்றே இருந்திருந்தாலும் இருவரும் அதைத் தாண்டியவர்கள்தான். உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதில் 2010ல் சட்டம் வந்தது. 2013 ஜூலையில் அது விதியாகி, அதுவரை 250 மணிநேர வணிக உரிமத்தோடு சேர முடிந்த துணை விமானி இருக்கைக்கு 1,500 ஆனது. ராணுவ விமானிக்கு 750, விமானத் துறையில் அங்கீகரிக்கப்பட்ட இளங்கலைப் பட்டம் பெற்றவருக்கு 1,000, இரண்டாண்டுப் பட்டம் பெற்றவருக்கு 1,250 என்று சலுகைகள் உண்டு. தன் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்களுக்கு 750 போதும் என்று ரிபப்ளிக் என்ற பிராந்திய நிறுவனம் 2022ல் விலக்குக் கேட்டது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் மறுத்துவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், அந்தச் சட்டத்தால் விளைந்த நல்லவற்றில் 1,500க்குக் கடைசி இடம்தான் கொடுப்பேன். விமானிக்குப் பத்து மணிநேர ஓய்வு, அதில் எட்டு மணிநேரம் தடையில்லாமல் தூங்க வாய்ப்பு என்ற விதியும், சிமுலேட்டரில் முழு ஸ்டால் வரை போய் மீளும் பயிற்சியும்தான் அந்த விபத்துக்கு நேரான மருந்து. விமானிகள் சங்கங்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். 1,500 அவர்களுக்கு யாரும் கைவைக்கக் கூடாத எண்.

ஆனால் அந்த எண் சம்பளத்தை ஏற்றியது. கோல்கன் விபத்து நடந்த காலத்தில் பிராந்திய நிறுவனங்களில் புதிய துணை விமானிக்கு மணிக்கு 20 டாலரைச் சுற்றித்தான் கிடைத்தது. ஆள் வரும் வாசல் குறுகியது, பெருந்தொற்றுக் காலத்தில் ஆயிரக்கணக்கான மூத்தவர்கள் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். 2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கிளை நிறுவனங்கள், ஊக்கத்தொகையையும் சேர்த்து, முதல் ஆண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. அதே நாற்காலி, அதே வேலை. மாறியது ஆள் தட்டுப்பாடு மட்டும்தான்.

சரி, "மணிக்கு 90" என்றால் எந்த மணி? புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். விமானம் பறப்பதற்காக நகரத் தொடங்கியதிலிருந்து, இறங்கி நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும்வரை உள்ள நேரமே கணக்கு. இதைப் பிளாக் டைம் என்பார்கள். காலை ஐந்து மணிக்கு ரிப்போர்ட் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று நான்கு செக்டர், அதாவது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நான்கு பறத்தல். 1:10, 1:25, 1:05, 1:30. இரண்டரை மணிக்குத்தான் வேலை முடிகிறது. பணியில் இருந்தது ஒன்பதரை மணிநேரம், பிளாக் டைம் 5:10. வானிலை பார்த்தது, எரிபொருள் முடிவு செய்தது, மழையில் விமானத்தைச் சுற்றி வந்து டயரைக் குனிந்து பார்த்தது, தாமதமான பயணிகளுக்காகக் காத்திருந்தது எதுவும் அந்த 5:10க்குள் வராது. பணிநேரத்துக்கும் ஒரு பங்கு தரும் ஒப்பந்தங்கள் உண்டு, உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதத்துக்கு இத்தனை மணிக்கு நிச்சயம் சம்பளம் என்ற உத்தரவாதம் பெரும்பாலும் இருக்கும். 75 மணிநேர உத்தரவாதம், மணிக்கு 90 என்றால் மாதம் 6,750 டாலர். அதே 75 மணிக்கு அந்தக் காலத்து 20 டாலர் போட்டுப் பாருங்கள், 1,500தான்.

அடுத்து உங்கள் நேரடிக் கேள்வி. மணிநேரம் கூடினால் சம்பளம் கூடுமா? சீனியாரிட்டி முறையில் நடக்கும் நிறுவனங்களில் கூடாது. சம்பள அட்டவணையில் மூன்று விஷயங்கள்தான் இருக்கும்: சேர்ந்து எத்தனை ஆண்டு, எந்த நாற்காலி, எந்த விமானம். லாக்புக் மணிநேரத்துக்கு அதில் இடமே இல்லை. வேறு நிறுவனத்தில் 8,000 மணிநேரம் ஓட்டிவிட்டு வருபவரும் முதல் ஆண்டுச் சம்பளத்தில் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அவருக்கு ஒரு வாரம் முன்னால் சேர்ந்தவர் குறைந்த அனுபவத்தோடு இருந்தாலும், ரோஸ்டரிலும் விடுமுறையிலும் கேப்டன் பதவி உயர்விலும் அவரே முன்னால். ஆசியாவிலும் வளைகுடாவிலும் அனுபவமுள்ளவரை நேராகக் கேப்டனாக எடுக்கும் நிறுவனங்கள் உண்டு. மணிநேரத்துக்கு விலை கிடைப்பது அங்கேதான்.

அதனால், உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதித்து, நல்ல நிறுவனம் 230 மணிநேரத்துக்கே கூப்பிட்டால், போங்கள். மணிநேரம் சேர்க்கிறேன் என்று தள்ளிப்போட்டால் சேர்ந்த தேதியைத்தான் இழப்பீர்கள். கூப்பிடவில்லை என்றால், அல்லது அமெரிக்காதான் இலக்கு என்றால், பயிற்சியாளர் வேலை நல்ல வழி. மாதம் 65 மணிநேரம் கிடைத்தால் மீதி 1,270ஐ ஒன்றே முக்கால் ஆண்டுக்குள் முடித்துவிடலாம். மாணவர் செய்யப்போகும் தவறை இரண்டு நொடி முன்னால் மோப்பம் பிடிக்கும் பழக்கம் அதில் வரும். அது கேப்டனாகும்போது கைகொடுக்கும்.

ஆனால் மொத்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 1,480 மணிநேரத்தோடு வந்த ஒரு பயிற்சியாளரின் லாக்புக்கைப் புரட்டியபோது இரவுப் பத்தியில் வெறும் 61 இருந்தது. எல்லாம் பகல் வெளிச்சத்தில் அதே ஓடுதளத்தைச் சுற்றிய சர்க்யூட். ஏடிபிஎல்லுக்கு இரவில் 100 வேண்டும், இன்ஸ்ட்ருமென்ட் 75 வேண்டும், தலைமை விமானியாக இத்தனை, தொலைதூரப் பறத்தல் இத்தனை என்று உள்கணக்குகள் உண்டு. அவர் பாவம், மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் மூன்று மாதம் பறந்து அதைச் சரிக்கட்டினார். நீங்கள் முதல் மாதத்திலிருந்தே ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அப்புறம், கையெழுத்துக்கு முன் பாண்டைப் படியுங்கள். டைப் ரேட்டிங் செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டு சில ஆண்டு கட்டிப்போடுவது வழக்கம்தான். நடுவில் விலகினால் கட்ட வேண்டிய தொகை மாதாமாதம் குறைகிறதா, கடைசி நாள்வரை முழுத்தொகையா என்று பாருங்கள். பயணிகளோடு பறப்பதற்கு நீங்களே பணம் கட்ட வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தத்தை நான் தொடமாட்டேன். பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா, மாத உத்தரவாதம் எத்தனை மணி, சீனியாரிட்டி வகுப்பு தொடங்கும் நாளிலிருந்தா அல்லது பயணிகளோடு பறந்து பெறும் லைன் பயிற்சி முடிந்த நாளிலிருந்தா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.