சி மொழியில் ஃபங்ஷனுக்குள் மாற்றிய மதிப்பு வெளியே ஏன் மாறுவதில்லை?

5, 9 என்ற மதிப்புகளுள்ள இரு மாறிகளை ஸ்வாப் ஃபங்ஷனுக்குக் கொடுத்தும் அவை இடம் மாறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சி மொழி ஃபங்ஷனுக்கு மாறியையே அனுப்புவதில்லை. அதன் மதிப்பின் நகலை மட்டுமே அனுப்புகிறது. ஸ்வாப்புக்குள் அந்த நகல்கள் 9, 5 என்று சரியாகவே இடம் மாறினாலும், ஃபங்ஷன் முடிந்ததும் அவை மறைந்துவிடுவதால், நிரல் தொடங்கும் மெயின் ஃபங்ஷனில் உள்ள அசல் மாறிகள் அப்படியே இருக்கின்றன. ஆகவே, மாறியின் பெயருக்கு முன் & குறியிட்டு நினைவகத்தில் அது இருக்கும் முகவரியை அனுப்பி, ஃபங்ஷனில் அதைப் பாயின்டராக, அதாவது முகவரியை வைத்திருக்கும் மாறியாகப் பெற்று, * குறியின் வழியே அந்த முகவரியிலுள்ள மதிப்பையே மாற்ற வேண்டும். உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேன்எஃப் மூலம் எண்ணை வாங்கும்போது & போடுகிறோமே, பலரும் மனப்பாடமாக எழுதும் அந்தக் குறிக்கும் இதுதான் காரணம். ஃபங்ஷனிலிருந்து ஒரேயொரு விடை போதுமென்றால், பாயின்டரைவிட ரிட்டர்ன் மூலம் திருப்பி அனுப்புவதே தெளிவானது.