என் வண்டிக்கு எந்த பேட்டரி? பைக் பேட்டரி மாற்றுவது பற்றிய கேள்வி பதில்

பைக் பேட்டரி மாற்றுவது பற்றிக் கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, வரிசையாகப் பதில் சொல்கிறேன். நான் சொல்லும் அளவுகளைப் பார்க்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். கையில் இல்லையென்றால், பேட்டரி வாங்கும் முன் அதை வாங்கிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, காலையில் செல்ஃப் அழுத்தினால் டக் டக் டக் என்று சத்தம்தான் வருகிறது. கிக்கர் உதைத்தால் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பேட்டரிக்கு மூன்று வயது. புதுசு வாங்கிவிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள் தம்பி. அந்த டக் டக் சத்தம் ரிலே (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை விடும் சுவிட்ச்) ஒட்டி ஒட்டி விடுவது. செல்ஃப் மோட்டார் இழுக்கும்போது வோல்டேஜ் விழுந்துவிடுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஏன் விழுகிறது என்பதற்கு மூன்று காரணம் இருக்கலாம்.

முதலில் டெர்மினல்களைப் பாருங்கள். ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும், வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தாலும் இதே சத்தம் வரும். மைனஸ் வயர் சேஸில் (வண்டியின் உலோகச் சட்டத்தில்) போய்ச் சேரும் இடத்தையும் சுத்தம் செய்யுங்கள். நிறைய பேர் அங்கே கையே வைப்பதில்லை.

அப்புறம் பேட்டரி. இரவு முழுக்க வண்டியைத் தொடாமல் விட்டு, காலையில் சாவி போடும் முன் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. குறைவாக இருந்தால் வெளி சார்ஜரில் முழுதாக ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு மறுபடி அளக்க வேண்டும். இப்போது செல்ஃபை அழுத்திக்கொண்டே மீட்டரைக் கவனியுங்கள். 9.5-க்கு மேலே நின்றால் நல்ல பேட்டரி. 12.6 காட்டிய பேட்டரி செல்ஃப் அழுத்தியதும் 8-க்கு விழுகிறதா? உள்ளே தகடுகள் முடிந்துவிட்டன, மாற்றத்தான் வேண்டும். எவ்வளவு ஏற்றினாலும் 10.5-ஐத் தாண்டவில்லை என்றாலும் அதே முடிவுதான். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல், செல்லுக்கு 2.1 வோல்ட். அதில் ஒன்று செத்துவிட்டால் மிஞ்சுவது 10.5.

மூன்றாவது, சார்ஜிங். இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டி, பேட்டரி டெர்மினலில் அளந்து பாருங்கள். 13.5-க்கும் 14.8-க்கும் நடுவே இருக்க வேண்டும். 13-ஐக் கூட எட்டவில்லை என்றால் ஸ்டேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் உற்பத்தி செய்யும் சுருள்), ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது), வயரிங் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. புது பேட்டரியையும் அது வேகவைத்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியவன் நான். கடைசியில் பார்த்தால் ரெகுலேட்டர் கனெக்டரில் ஒரு பின் கருகிப் போயிருந்தது. அதனால்தான் யார் கேட்டாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

கேள்வி: பழைய பேட்டரியில் ஸ்டிக்கர் அழிந்துவிட்டது, வண்டியின் கையேடும் இல்லை. எதை வைத்துக் கேட்டு வாங்குவது?

பதில்: பழைய பேட்டரியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பேட்டரி உட்காரும் பெட்டியையும் அளப்பது நல்லது; முன்பு யாராவது தவறான அளவை மாட்டியிருக்கலாம். அடுத்தது, டெர்மினல்கள் இருக்கும் பக்கம் உங்களை நோக்கி இருக்கும்படி வைத்து, பிளஸ் வலது கைப்பக்கமா இடது கைப்பக்கமா என்று குறித்துக்கொள்ளுங்கள். டெர்மினலின் வடிவத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

உயரத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 114-க்கு 71 என்ற ஒரே அடி அளவில் 86, 106, 131 மில்லிமீட்டர் என மூன்று உயரங்களில் பேட்டரி வருகிறது. கொள்ளளவு முறையே 3, 4, 6 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் அடங்கும் என்ற அளவு). உயரம் கூடியதை அமுக்கி வைத்தால் சீட்டின் அடித்தகடு டெர்மினலில் உரசும். அது உலோகமாக இருந்தால் நேராக ஷார்ட் சர்க்யூட்.

பிளஸ் பக்கம் மாறிய பேட்டரியைக் கொடுத்து, வயரை நீட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். நீட்டிய ஒட்டு சீட்டுக்கடியில் அதிர்ந்து அதிர்ந்து தேய்ந்துவிடும்.

கேள்வி: ஒய்டிஎக்ஸ்7எல்-பிஎஸ் என்று போட்டிருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? ஒய்டிஎக்ஸ்7ஏ-பிஎஸ் கிடைத்தால் மாட்டலாமா?

பதில்: மாட்ட முடியாது. இரண்டிலும் 7 இருந்தாலும் இரண்டும் வேறு உடம்பு. முதலாவது 114-க்கு 71, உயரம் 131. இரண்டாவது 150-க்கு 87, உயரம் 94. 'எல்' உள்ளதில் பிளஸ் வலப்பக்கம், 'ஏ' உள்ளதில் இடப்பக்கம். அந்த 7-ஐ அப்படியே ஏஎச் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. இரண்டுமே 6 ஏஎச்தான். 'பிஎஸ்' என்றால் ஆசிட் தனி பாட்டிலில் கூடவே வரும், ஊற்றித்தான் உயிர் கொடுக்க வேண்டும். பழைய வகையில் 12என்5.5-3பி போல இருக்கும். அதில் 12 வோல்ட், 5.5 ஏஎச் என்று நேராகவே படித்துக்கொள்ளலாம்.

கேள்வி: 4 ஏஎச் இருக்கும் இடத்தில் 9 ஏஎச் போட்டால் செல்ஃப் நன்றாக எடுக்குமா? வயரிங் எரிந்துவிடும் என்று மெக்கானிக் பயமுறுத்துகிறார்.

பதில்: வயரிங் எரியாது. மோட்டாரோ விளக்கோ தனக்கு வேண்டிய கரண்டைத்தான் இழுக்கும். பேட்டரி பெரிதாக இருக்கிறது என்பதற்காக அதிகம் பாயாது.

ஆனாலும் நான் போடச் சொல்ல மாட்டேன். உங்கள் வண்டியின் ஸ்டேட்டர் உற்பத்தி செய்வது அதே அளவுதான். தினமும் செலவு கூடி வரவு குறைந்தால், 4 ஏஎச் சீக்கிரம் காலியாகும், 9 ஏஎச் கொஞ்சம் தாமதமாகக் காலியாகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒருமுறை இறங்கிவிட்டால், குட்டையான பயணங்களில் பெரிய பேட்டரி மறுபடி நிரம்பவே நிரம்பாது. பாதி சார்ஜில் கிடக்கும் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படியும். அப்புறம் ஏற்றினாலும் கரையாது. அதே பெட்டியில் கச்சிதமாக உட்காரும், கொள்ளளவு 1 ஏஎச் மட்டும் கூடிய பேட்டரி கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள். நிறுவனம் சொன்னதைவிடக் குறைவாக மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: ஏஎச் ஒன்றாக இருக்கும் இரண்டு பேட்டரிகளில் சிசிஏ வேறுபடுகிறது. எதைப் பார்ப்பது?

பதில்: ஏஎச் என்பது எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கு. பைக் பேட்டரிகளில் வழக்கமாகப் பத்து மணி நேரத்துக்குச் சொல்வார்கள்: 5 ஏஎச் என்றால் அரை ஆம்பியர் வீதம் பத்து மணி நேரம். சிசிஏ என்பது ஒரே மூச்சில் எவ்வளவு கொடுக்கும் என்பது. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் 30 விநாடி கொடுத்தும் 7.2 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் எத்தனை ஆம்பியர் தர முடிகிறதோ, அதுதான் அந்த எண். சிறிய இன்ஜினுக்கு இதைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டிக்கும் குளிர் கடுமையான ஊருக்கும் சிசிஏ அதிகமுள்ளதை எடுங்கள்.

கேள்வி: எடை குறையும் என்பதால் லித்தியம் பேட்டரிக்கு மாற ஆசை. அப்படியே கழற்றி மாட்டினால் போதுமா?

பதில்: எடை குறைவது உண்மை, ஈய பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான் இருக்கும். சும்மா வைத்திருந்தால் சார்ஜ் இறங்குவதும் மிகக் குறைவு. ஆனால் மாட்டும் முன் சிலவற்றை யோசிக்க வேண்டும்.

பைக்குக்கு வருவது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. 3.2 வோல்ட் செல் நான்கு சேர்ந்து 12.8. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 13.3 பக்கம் காட்டும். ஈய பேட்டரியில் 12.6 என்றால் மகிழ்ச்சி, இதில் 12.6 என்றால் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். பழைய அட்டவணையை வைத்துப் படித்து ஏமாறாதீர்கள்.

ரெகுலேட்டரைக் கட்டாயம் அளக்க வேண்டும். 14.6-க்கு மேல் தொடர்ந்து ஏற்றும் வண்டியில் இதை மாட்டாதீர்கள். ஈய பேட்டரி அந்த உபரியைச் சூடாகவும் வாயுவாகவும் தள்ளிச் சமாளித்துவிடும். லித்தியம் செல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது. உள்ளே பாதுகாப்புச் சர்க்யூட் இருக்கும் பேட்டரியாகவே தேடுங்கள். சல்பேட் நீக்கும் வசதி தானாக ஓடும் பழைய சார்ஜரையும் இதில் போடக் கூடாது.

இன்னொன்று, அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் ஏஎச் பல நேரம் 'இந்த ஈய பேட்டரிக்கு நிகர்' என்ற கணக்கு. உண்மைக் கொள்ளளவு அதில் பாதிக்கும் கீழே இருக்கலாம். ஜிபிஎஸ் கருவி மாட்டிய வண்டியில் இது சீக்கிரம் காலியாகும். குளிரிலும் முதல் அழுத்தத்தில் சோம்பும். ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் எரியவிட்டால் செல் கொஞ்சம் சூடாகி எழுந்துகொள்ளும்.

தினமும் வேலைக்குப் போய் வரும் வண்டிக்கு நான் ஏஜிஎம் வகையைத்தான் (ஆசிட் சிந்தாத ஈய பேட்டரி) சொல்வேன். எடையில் ஒவ்வொரு கிலோவும் முக்கியம் என்றால் லித்தியம்.

கேள்வி: ஏஜிஎம், ஜெல், தண்ணீர் ஊற்றும் பேட்டரி. எது நல்லது?

பதில்: தண்ணீர் ஊற்றுவது மலிவு, ஆனால் மட்டத்தைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் விட வேண்டும் (ஆசிட் இல்லை, தண்ணீர் மட்டும்), காற்றுக் குழாயைச் சரியாக வெளியே விட வேண்டும், சாய்க்கக் கூடாது. பராமரிக்க நேரமில்லாதவர் ஏஜிஎம் வாங்கலாம். அதில் ஆசிட்டைக் கண்ணாடி இழை விரிப்பு உறிஞ்சி வைத்திருக்கும், சிந்தாது. உண்மையான ஜெல் பேட்டரிக்குச் சார்ஜ் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் குறைவாக வேண்டும். ஜெல் என்று விற்பவற்றில் பல ஏஜிஎம்தான் என்பதால் பேட்டரியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: சார், புது பேட்டரி ஆறே மாதத்தில் படுத்துவிட்டது. சார்ஜிங் 14.2 காட்டுகிறது. கடையில் கண் முன்னால்தான் ஆசிட் ஊற்றி உடனே மாட்டினார்கள்.

பதில்: அந்த 'உடனே'தான் எனக்கு உறுத்துகிறது. ஆசிட் ஊற்றியதும் குறைந்தது அரை மணி நேரம் தகடுகள் ஊற வேண்டும். அதன் பிறகு கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்டில், அதாவது 5 ஏஎச் பேட்டரிக்கு அரை ஆம்பியரில், முதல் சார்ஜ் ஏற்ற வேண்டும். இதை விட்டுவிட்டால் அந்த பேட்டரி தன் முழுக் கொள்ளளவைக் கடைசி வரை எட்டாமலே போகலாம். அடுத்த முறை காலையில் கொடுத்துவிட்டு மாலையில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆசிட்டோடு அடைத்தே வரும் பேட்டரியாக இருந்தால் தயாரித்த தேதியைப் பாருங்கள், கையோடு மீட்டரையும் வைத்துப் பாருங்கள். 12.6 வந்தால் எடுக்கலாம். 12.2 காட்டினால் அலமாரியிலேயே நாள் கழித்துவிட்டது. "ஓட்டினால் ஏறிவிடும்" என்பார்கள். வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: அலாரமும் ஜிபிஎஸ்ஸும் மாட்டியிருக்கிறேன். பத்து நாள் வெளியூர் போய் வந்தால் பேட்டரி காலி. பெரிய பேட்டரி தீர்வா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டும் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு 0.48 ஏஎச். 5 ஏஎச் பேட்டரி ஐந்தாவது நாளிலேயே பாதிக்கு வந்துவிடும், பத்தாவது நாளில் காலி. பெரியது போட்டால் இன்னும் சில நாள் ஓடும், அவ்வளவே. உங்கள் வண்டியில் உண்மையில் எவ்வளவு போகிறது என்று அளங்கள்: சாவியை அணைத்து, மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ஊருக்குப் போகும்போது மைனஸைக் கழற்றிவிட்டுப் போவது எளிய வழி. கருவி வேலை செய்தே ஆக வேண்டும் என்றால், நிரம்பியதும் தானாகக் குறைத்துக்கொள்ளும் பராமரிப்பு சார்ஜரில் மாட்டிவிட்டுப் போங்கள்.

கேள்வி: கூடுதல் விளக்கு இரண்டு போட்டேன். பேட்டரியை மாற்றணுமா?

பதில்: எல்லா விளக்கையும் போட்டு, சாதாரண ஓட்ட வேகத்தில் அளந்து பாருங்கள். 13.5 நின்றால் இருப்பதே போதும். 13-க்குக் கீழே வந்தால் எந்த பேட்டரியும் உதவாது, விளக்கின் வாட்டைக் குறையுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பழைய 6 வோல்ட் வண்டி. 12 வோல்ட் பேட்டரி போட்டால் வெளிச்சம் கூடுமா?

பதில்: பல்புகள் எரிந்துபோகும், அந்தச் சார்ஜிங்கால் 12 வோல்ட் பேட்டரி ஏறவும் ஏறாது. மூன்று செல் உள்ள 6 வோல்ட் பேட்டரியையே தேடி வாங்குங்கள். தாத்தா ஓட்டியபோது இருந்த மாதிரியே ஓடட்டும்.

கேள்வி: நானே மாட்டப் போகிறேன். எந்த வயரை முதலில் கழற்றுவது? பழையதை என்ன செய்வது?

பதில்: கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காரணம் இதுதான்: வண்டியின் சேஸ் முழுக்க மைனஸ். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைத் திருகும் ஸ்பேனர் சேஸில் பட்டால் தீப்பொறி பறக்கும், ஸ்பேனர் சிவக்கும். மைனஸைக் கழற்றிவிட்டால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மோதிரம், கைச்சங்கிலி இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். மாட்டி முடித்ததும் டெர்மினலில் லேசாக வாசலின் தடவி, பிளஸ்ஸின் ரப்பர் மூடியைப் போட மறக்காதீர்கள்.

பழையதைப் புதுசு வாங்கிய இடத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஈயத்தை உருக்கி மறுபடி பேட்டரியாக்குவார்கள். ஆசிட்டை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டவே கூடாது. கையில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வண்டியில் சிந்தியிருந்தால் சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கிய பிறகு தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.