குடிக்கக் காவிரி, கொட்டப் பெண்ணை

ஐயா வணக்கம்,
வைட்ஃபீல்டில் வசிக்கும் தஞ்சாவூர்க்காரன் நான். காவிரிப் பிரச்சினை வரும்போதெல்லாம் ஆபீஸில் வாயைத் திறப்பதில்லை, பிறகு உறுத்துகிறது. காவிரி வரலாற்றை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? பெங்களூர்த் தமிழனுக்கும் அந்த நதிக்கும் என்ன உறவு?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வாயைத் திறக்காததில் தப்பில்லை. 1991 டிசம்பரில், காவிரிக் கலவரத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, இந்த ஊரில் இருந்தவன் நான். அதை விடுங்கள். மைசூரும் சென்னை மாகாணமும் போட்ட 1892, 1924 ஒப்பந்தங்களில் தொடங்கி 2007 நடுவர் மன்றத் தீர்ப்பு வரை படியுங்கள், போதும்.

உறவு என்றீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். பெங்களூரில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகை என்று கணக்குப் போட்டது நடுவர் மன்றம். 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் நகரத்துக்கென்று 4.75 டிஎம்சி கூட்டிக் கொடுத்தது. சரி, மிச்ச ஊர் எந்த ஆற்றுப் படுகை? ஒருநாளாவது யோசித்தீர்களா?

தென்பெண்ணை, தம்பி. நந்தி மலையில் பிறந்து உங்கள் வைட்ஃபீல்டுக்குக் கிழக்கே ஓடுகிறது. இங்கே தட்சிண பினாகினி என்பார்கள். சுமார் நூறு கிலோமீட்டர் குழாயில் மேடேற்றிக் கொண்டுவரும் காவிரியில் இந்த ஊர் குளிக்கிறது. நம் பக்கத்து அழுக்குத் தண்ணீர் காவிரிக்குத் திரும்புவதில்லை. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகப் பெண்ணையில் இறங்கி, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்குகிறது. 2017-ல் பெல்லந்தூர் ஏரி பற்றி எரிந்ததே, தண்ணீர் எரிகிற ஊர் வேறெங்கே உண்டு?

'அபார்ட்மென்ட்டில் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கிறது' என்று பதில் எழுதாதீர்கள். ராத்திரியில் அது ஓடுகிறதா என்று கீழே இறங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

என் அம்மாவுக்குத் திருக்கோவிலூர்ப் பக்கம். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் பெண்ணை மணலுக்கு வந்துவிடும். சிறுவள்ளிக்கிழங்கு வாங்கித் தருவாள். தாகம் என்றால் மணலில் கையாலேயே ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியும்வரை குந்தியிருப்பாள். முதல் கைத் தண்ணீர் எனக்கு. எதிரே, பாரி மகளைக் கரைசேர்த்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததாகக் கல்வெட்டு சொல்லும் பாறை. அதைக் காட்டி அம்மா சொன்னதெல்லாம், 'வழுக்கும், ஏறாதே' என்பதுதான்.

காவிரிக்காக பஸ் எரிகிறது. பெண்ணைக்காக இந்த ஊரில் யாரும் ஒரு ஆட்டோவைக்கூட மறித்து நான் பார்த்ததில்லை. நானும்தான், இருபது வருஷம் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த ஆற்றுப் பாலத்தைக் கடந்தவன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். சனிக்கிழமை காலை ஆறரைக்கு வர்த்தூர் ஏரிக் கோடிக்கு வாருங்கள், காபி நான் வாங்கித் தருகிறேன். மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு துண்டு எடுத்து வாருங்கள்.