வாசகர் கேள்வி பதில்: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்

கேள்வி: ஐயா, என்னிடம் 1972ஆம் ஆண்டில் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர் என்னும் திறந்த கூரை பிரிட்டிஷ் கார் உள்ளது. சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தின்கீழ் பதிந்து வைத்திருக்கிறேன். பின்பக்கத்தின் வலப்புறம் இடப்புறத்தைவிட ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது. ஒரு பட்டறையில் இரண்டு ஸ்பிரிங்குகளையும் மாற்றச் சொல்கிறார்கள். லாரி ஸ்பிரிங் வேலை பார்க்கும் இன்னொருவர் பழையவற்றையே மீண்டும் வளைத்துத் தருவதாகச் சொல்கிறார். எதைச் செய்வது? (ஈசூன் வாசகர்)

பதில்: இரண்டில் எதையும் முடிவு செய்வதற்கு முன், அந்தச் சாய்வு பின்பக்க ஸ்பிரிங்கிலிருந்துதான் வருகிறதா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் தளம் மழைநீர் வடிவதற்காகச் சற்றுச் சரிவாக அமைக்கப்பட்டிருக்கும். அங்கே எடுத்த அளவை நம்பக்கூடாது. சமதளமான பட்டறைத் தரையில் நான்கு டயர்களிலும் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, பின்பெட்டியைக் காலி செய்து, காரைச் சில அடிகள் முன்னும் பின்னும் உருட்டிய பிறகு, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் அதற்கு நேர்மேலே உள்ள மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதி வையுங்கள்.

அடுத்து, முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் சரியான நடுவில் மரக்கட்டை வைத்து, முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்வரை ஜாக்கியால் தூக்கிப் பாருங்கள். முன்பக்கம் ஒரே புள்ளியில் தாங்கப்படும்போது அங்குள்ள சுருள் ஸ்பிரிங்குகளால் காரைச் சாய்க்க முடியாது. அந்த நிலையில் பின்பக்கச் சாய்வு மறைந்துவிட்டால், சோர்ந்துபோனது முன்பக்கச் சுருள் ஸ்பிரிங் ஒன்று என்று பொருள். சாய்வு மாறாமல் நின்றால்தான் பின்பக்கத்தைக் கழற்ற வேண்டும். இந்தச் சோதனையின்போது யாரும் காருக்கு அடியில் போகக்கூடாது.

பின்பக்கம்தான் காரணம் என்று தெரிந்த பிறகும், லீஃப் ஸ்பிரிங்கில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் எஃகுத் தகடுகளை உடனே குறை சொல்லிவிட வேண்டாம். ஸ்பிரிங்கின் முன்முனை காரின் உடலோடு போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கிறது. பின்முனை ஷேக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பில் தொங்குகிறது. இரண்டு இடங்களிலும் போல்ட்டைச் சூழ்ந்திருக்கும் ரப்பர் உறைகளான புஷ்கள் உள்ளன. அவை நசுங்கி ஒருபுறமாக ஒதுங்கினாலே சில மில்லிமீட்டர் இறக்கம் வந்துவிடும். எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. எனவே முன்முனையைத் தாங்கும் உடல்பகுதி துருப்பிடித்து உள்வாங்கியிருந்தாலும் கார் அந்தப் பக்கமாகச் சாயும். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் மிகுந்த நம் ஊரில், வெளிப்பூச்சு பளபளப்பாக இருக்கும் கார்களில்கூட இந்த இடம் உள்ளுக்குள் அரித்திருக்கக்கூடும். ஒரு ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உலோகம் நெகிழ்ந்தால் முதல் செலவு வெல்டிங்குக்குத்தான். அதைச் செய்யாமல் புது ஸ்பிரிங் மாட்டுவது பணத்தை வீணாக்கும், ஆபத்தும்கூட.

இவை எல்லாம் நன்றாக இருந்தால், கம்பித் தூரிகையால் தகடுகளைத் துலக்கி, நல்ல வெளிச்சத்தில் விரிசல் தேடுங்கள். முதன்மைத் தகட்டின் கண் (போல்ட் நுழையும் முனை வளையம்) அருகிலும், தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டின் துளையைச் சுற்றியும் கூடுதல் கவனம் வேண்டும். நடு போல்ட் முறிந்தால் ஆக்சில் (பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு) தன் இடத்திலிருந்து நகர்ந்துவிடும். ஸ்பிரிங்கின் முன்கண்ணிலிருந்து ஆக்சில்வரை இரு பக்கமும் அளந்தால் அது வெளிப்படும். ஓட்டுநர் வலப்புறம் அமரும் காரில் அந்தப் பக்க ஸ்பிரிங் அதிகம் உழைப்பதால், காலப்போக்கில் அங்கே சற்று இறக்கம் வருவது உண்டு. இரண்டு ஸ்பிரிங்குகளையும் இடம் மாற்றிப் பொருத்தும்போது சாய்வும் பக்கம் மாறினால் ஸ்பிரிங்தான் காரணம் என்பது உறுதி.

அதன் பிறகு மாற்றுவதா வளைப்பதா என்ற கேள்விக்கு வருவோம். பழைய தகட்டைக் குளிர்ந்த நிலையில் சுத்தியலால் தட்டி வளைத்தால் அது மீண்டும் இறங்குவதற்கே வாய்ப்பு அதிகம். சூடாக்கி வளைத்து, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடியும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தினால் மட்டுமே எஃகின் மீள்திறன் திரும்பும். கடைசிப் படியைத் தவிர்த்தால் தகடு கெட்டியாகி, ஒரு குழியில் இறங்கும்போது ஒடிந்துவிடலாம். அந்த லாரி ஸ்பிரிங் பட்டறையில் இந்தப் பதப்படுத்தலை முழுமையாகச் செய்கிறார்களா என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் புதியவற்றையே, இரண்டையும் சேர்த்தே, வாங்குங்கள். ஒருபக்கம் மட்டும் மாற்றுவது சாய்வை எதிர்ப்பக்கத்துக்கு அனுப்பி வைப்பதில்தான் முடியும்.

வாங்கும்போது வகையைச் சரியாகச் சொல்லுங்கள். 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரப்பர் பம்பர் வந்தபோது, அமெரிக்க பம்பர் உயர விதிக்காக எம்ஜிபியின் உயரம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் கூட்டப்பட்டது. அந்தக் கார்களின் ஸ்பிரிங்கை உங்கள் குரோம் பம்பர் காரில் பொருத்தினால் பின்பக்கம் தூக்கி நிற்கும். கூரையுள்ள ஜிடி வகைக்கான ஸ்பிரிங்கும் வேறு. ஸ்பிரிங்கை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட்டுகளையும் அவற்றின் நட்டுகளையும் புதிதாகவே போடுங்கள். மரைகள் நீண்டுபோன பழைய யு போல்ட் சரியான இறுக்கத்தைத் தராது.

கேள்வி: ஐயா, சென்ற ஆண்டு ஸ்பிரிங் புஷ்கள் அனைத்தையும் மாற்றினேன். முதலில் கார் சற்று உயர்ந்து நின்றது. சில மாதங்களில் முன்கண் புஷ்ஷின் ரப்பர் கிழிந்துவிட்டது. தரக்குறைவான பொருளா? (பிடோக் வாசகர்)

பதில்: நீங்கள் எழுதிய அந்த உயர்வுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. காரை ஸ்டாண்டில் ஏற்றி, ஆக்சில் கீழே தொங்கிய நிலையில் முன்கண் போல்ட்டை முழுமையாக இறுக்கியிருக்கிறார்கள். இந்த புஷ் ஓர் உலோகக் குழாய்க்குள் இன்னொரு குழாயும் அவற்றுக்கு நடுவே ஒட்டிய ரப்பருமாக இருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் பிடிக்கப்படுகிறது. அதன் பிறகு ஸ்பிரிங் ஆடும்போதெல்லாம் ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ அந்த நிலையே ரப்பரின் ஓய்வு நிலை. தொங்கிய நிலையில் இறுக்கினால், கார் தரையில் நிற்கும்போது ரப்பர் ஓயாமல் முறுகியே இருக்கும். அந்த முறுக்கு காரைச் சிறிது காலம் உயர்த்திப் பிடிக்கும், பிறகு ரப்பர் கிழியும்.

எனவே போல்ட்டுகளை முதலில் கையிறுக்கமாக மட்டும் மாட்டி, காரைச் சக்கரங்களின் மேல் இறக்கி, பின்பக்கத்தைப் பலமுறை அழுத்திவிட்டு, உறுதியான சாய்தளத்தின் மேல் ஏற்றி நிறுத்திய பிறகே வொர்க்‌ஷாப் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் யு போல்ட்டுகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும். கிளாசிக் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே ஓடும் காரில் அந்தத் தூரம் சேர்வதற்கு வெகுகாலம் ஆகலாம் என்பதால் மீட்டர் அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புஷ் பொருத்தும்போது சோப்புநீர் போதும். எண்ணெயும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும்.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வளைவுகளில் கார் சாயும்போது லீஃப் ஸ்பிரிங் சற்று முறுக்கிக்கொடுக்க வேண்டும், அதற்கு ரப்பரே இடம் தருகிறது. முன்கண்ணில் ரப்பரையே நான் பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: தகடுகளுக்கு இடையே எண்ணெய் விடலாமா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: மேலிருந்து எண்ணெய் தெளிப்பது வேண்டாம். அது தூசியைச் சேர்த்துத் தகடுகளைத் தேய்க்கும், புஷ்களுக்கும் வழியும். ஸ்பிரிங்கை முழுதாகக் கழற்றும் வாய்ப்பு வரும்போது துருவை நீக்கி, கிராஃபைட் கிரீஸ் மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். தகடுகளுக்கு நடுவே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தால் அதுவும் தேவையில்லை.

கேள்வி: காரின் பின்பக்கத்தை 30 மில்லிமீட்டர் இறக்க லோவரிங் பிளாக் போட விரும்புகிறேன். உங்கள் கருத்து? (சுவா சூ காங் வாசகர்)

பதில்: எம்ஜிபியில் ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருப்பதால், இரண்டுக்கும் நடுவே கட்டை வைத்தால் உடல் இறங்கும். நீளமான யு போல்ட்டுகள் தேவைப்படும். ஆக்சிலுக்கும், அது உடலில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் இடையிலான தூரம் குறையும். வேகமாகப் புறப்படும்போது ஆக்சில் முறுக்கிக்கொண்டு துள்ளுவதும் கூடும். நம் குடியிருப்புப் பேட்டைகளின் வேகத்தடைகளையும் வாகன நிறுத்துமிடங்களின் ஏற்றங்களையும் எண்ணிப் பார்த்தால் 30 மில்லிமீட்டர் மிக அதிகம். உங்கள் கார் ரப்பர் பம்பர் வகையாக இருந்தால், குரோம் பம்பர் காலத்து ஸ்பிரிங்குகளைப் பொருத்துவது இதைவிட நல்ல வழி. எதைச் செய்வதாக இருந்தாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்றியமைப்பு விதிகளை முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

கேள்வி: கார் பெரும்பாலும் நின்றுகொண்டே இருக்கிறது. ஸ்பிரிங் தளராமலிருக்க உடலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்துத் தூக்கி நிறுத்தலாமா? (அங் மோ கியோ வாசகர்)

பதில்: வேண்டாம். நல்ல நிலையிலுள்ள எஃகு, காரின் சொந்த எடையைத் தாங்கி நிற்பதால் மட்டும் குறிப்பிடத்தக்க அளவுக்கு இறங்காது. உடலைத் தூக்கி நிறுத்தினால் ஆக்சில் தொங்கி, முன்கண் புஷ்கள் மாதக்கணக்கில் முறுகி நிற்கும். டயர் தட்டையாவதைத் தடுக்கத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், பின்பக்க ஸ்டாண்டுகளை ஆக்சில் குழாய்க்கு அடியில், ஸ்பிரிங்குக்கு அருகே வையுங்கள்.