மக்கள் திரட்டிய மாதிரிகளை நம்பலாமா?

கேள்வி: மாசினால் உடல்நலம் கெடுகிறதா என்று ஆராயும்போது, துறை அறிவு இல்லாத பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டால் முடிவுகளின் நம்பகத்தன்மை குறைந்துவிடாதா?

பதில்: பயிற்சியும் தெளிவான நெறிமுறையும் இல்லாவிட்டால் குறையும். அவை இருந்தால் நம்பலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபிளின்ட் நகரத்தில் 2014 ஏப்ரல் முதல் ஆற்று நீர், அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படாமலே வழங்கப்பட்டதால், பழைய குழாய்களிலிருந்த ஈயம் குடிநீரில் கலந்தது. மக்கள் முறையிட்டும், நீர் பாதுகாப்பானதே என்று அதிகாரிகள் கூறிவந்தனர். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் அனுப்பிய 300 மாதிரிப் பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுசேர்த்து, குழாயில் பல மணி நேரம் தேங்கிய நீரையே முதலில் பிடிக்க வேண்டும் என்ற விதிப்படி 250க்கும் மேற்பட்ட மாதிரிகளைத் திரட்டியவர்கள் அவ்வூர் மக்களே. (குழாயைச் சற்று நேரம் திறந்துவிட்டுப் பிடித்தால் ஈயத்தின் அளவு குறைந்து தெரியக்கூடும், ஆகவே இவ்விதி அற்பமானதன்று.) அவற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலானவை, நூறு கோடிப் பங்கு நீருக்கு 15 பங்கு ஈயம் என்ற நடவடிக்கை வரம்பை (இதை மீறினால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வகுக்கப்பட்ட அளவை) தாண்டியிருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் நகரம் பழைய நீராதாரத்துக்கே திரும்பியது.

அளந்தது ஆய்வகம்தான்; எதை அளக்க வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் குடியிருப்போர். மாதிரி எடுக்க மட்டும் மக்களை அழைத்துவிட்டு, முடிவை அவர்களிடம் தெரிவிக்காத ஆய்வைக் கூட்டாய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.