முன் கியர் கேபிள்: கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்துச் சைக்கிள் நண்பர்களே, இந்த வாரம் முன் டீரெய்லியருக்கு, அதாவது முன்னாலிருக்கும் பல்சக்கரங்களில் செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவிக்கு, கேபிள் கொண்டுபோகும் வழியைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

தேவகோட்டை: அண்ணே, பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் உடனே ஏறுகிறது. சின்னதற்கு இறங்க மட்டும் அடம்பிடிக்கிறது. டீரெய்லியரையே மாற்றிவிடவா?

வேண்டாம் தம்பி. செயினை ஏற்றுவது கேபிளின் இழுவை. இறக்குவது டீரெய்லியருக்குள் இருக்கும் ஸ்பிரிங். ஏற்றம் சரியாக இருந்து இறக்கம் மட்டும் தடுமாறினால், வழியில் எங்கோ கேபிள் பிடித்துக்கொள்கிறது என்று பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வையுங்கள். பெடல் அச்சுக் கூட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். கேபிள் அதன் பள்ளத்தில் வளைந்து போகும். சக்கரம் வாரி இறைக்கும் நம் ஊர்ச் செம்மண் அங்கேதான் போய்ச் சேருகிறது. போன மாதம் நான் கழற்றிய ஒன்றில் மண் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. குத்தி எடுத்தபின் பார்த்தால், கேபிள் அந்தப் பள்ளத்தை ரம்பம் போல அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. துண்டையும் இன்னர் கேபிளையும் (உறைக்குள் ஓடும் கம்பி) மாற்றுங்கள். பிறகு ஒரு கையால் பெடலை முன்னோக்கிச் சுற்றியபடி, கீழ் பாரை ஒட்டி ஓடும் வெறுங்கேபிளை வீணைத் தந்தி போல இழுத்து விடுங்கள். இழுத்தால் செயின் ஏற வேண்டும், விட்டால் பட்டென்று இறங்க வேண்டும். அதுவரை எல், எச் என்று எழுதிய திருகுகளை (டீரெய்லியர் உள்பக்கமும் வெளிப்பக்கமும் எவ்வளவு தூரம் போகலாம் என்று நிறுத்துபவை) தொடாதீர்கள்.

கானாடுகாத்தான்: பேரனின் சைக்கிளில் கேபிள் மேல் பார் வழியாக வருகிறது. நான் வாங்கிவந்த டீரெய்லியர் கீழிருந்து இழுப்பதாம்.

ஆச்சி, அதைக் கொடுத்துவிட்டு மேலிருந்து இழுக்கும் வகையைக் கேளுங்கள். இரண்டு வழியிலும் இழுக்கும் வகையும் உண்டு. சீட் குழாயின் விட்டத்தை அளந்து எடுத்துப் போங்கள், டீரெய்லியரை அந்தக் குழாயில் இறுக்கும் பட்டைகள் 28.6, 31.8, 34.9 மில்லிமீட்டர் அளவுகளில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

பள்ளத்தூர்: பிரேக் அவுட்டர் (கேபிளின் வெளியுறை) மீதி இருக்கிறது. கியருக்குப் போடலாமா?

கூடாது. அதில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கிறது. இழுத்தால் அமுங்கும், கியர் சரியாக விழாது. இதைத் தலைகீழாகச் செய்வதோ உயிருக்கே ஆபத்து. கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன, மேலுறைதான் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் நேரத்தில் அது பிளந்துவிடலாம். கடையில் எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

புதுவயல்: அவுட்டருக்குள் தேங்காய் எண்ணெய்?

மார்கழி விடியலில் உறையும். மற்ற மாதங்களில் தூசியைக் குழைத்துச் சேறாக்கும். வேண்டாம்.

குன்றக்குடி: நம் பக்கம் மலையா இருக்கிறது? முன் கியரைக் கழற்றி எறிந்துவிட்டால் கேபிள் தொல்லையே இல்லையே?

உங்கள் ஊர்க் குன்றை விட்டால் மலை இல்லை, ஆடிக்காற்று இருக்கிறது. காரைக்குடியிலிருந்து உங்கள் ஊருக்கு மேற்கே மிதித்து வந்து பாருங்கள். முன்னால் 42, 34, 24 பற்கள், பின்னால் 14 முதல் 28 வரை உள்ள சாதாரண சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். முன்னால் 42 மட்டும் இருந்தால், பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குப் பின்சக்கரம் குறைந்தது ஒன்றரைச் சுற்று சுற்றியாக வேண்டும். 24 இருந்தால் 0.86 சுற்று போதும். எதிர்காற்றில் அரிசி மூட்டையோடு வரும்போது அந்த வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும்.

குன்றக்குடி மீண்டும்: என் நண்பர் முன்னால் 32 ஒன்றே ஒன்று, பின்னால் 11 முதல் 42 வரை வைத்திருக்கிறார். குறையே இல்லை என்கிறார்.

அவர் சொல்வது உண்மை. 32க்கு 42 என்றால் 0.76, நான் சொன்னதைவிட இலகு. ஆனால் அவர் எதையும் கழற்றி எறியவில்லை, பின் டீரெய்லியர், லீவர், செயின் எல்லாவற்றையும் மாற்றியிருப்பார். முன் பல்சக்கரத்தின் பற்களும் ஒன்று தடித்து ஒன்று மெலிந்து, செயினைக் கவ்விப் பிடிக்கும் வகையாக இருக்கும். உங்களுடையதில் செயின் ஏறி இறங்க வசதியாகச் செதுக்கிய பற்கள்; டீரெய்லியரை எடுத்துவிட்டால் குண்டும் குழியுமான சாலையில் செயின் நழுவிக்கொண்டே இருக்கும். முந்நூறு ரூபாய் வேலைக்குப் பயந்து ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள்.

கோட்டையூர்: சின்னதற்கு இறங்கவில்லை.

தேவகோட்டைக்கு எழுதியதைப் படியுங்கள்.

கண்டனூர்: இறங்கவே மாட்டேன் என்கிறது, எல் திருகைத் தளர்த்தவா?

தேவகோட்டை! திருகு வேண்டாம்.

ஆத்தங்குடி: அண்ணே, திருகுகளை ஏற்கெனவே திருகிவிட்டேன்.

சரி, முதலிலிருந்து தொடங்குவோம். கேபிளைக் கழற்றுங்கள். டீரெய்லியரின் வெளித்தகடு பெரிய பல்சக்கரத்துக்கு நேர் மேலே வரும்போது, பற்களுக்கு மேல் 1 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். மேலிருந்து பார்த்தால் பல்சக்கரத்துக்கு இணையாக நிற்க வேண்டும். செயினை முன்னால் சின்னதிலும் பின்னால் மிகப் பெரியதிலும் போட்டு, உள்தகடு செயினை மயிரிழையில் தொடாமல் நிற்கும்வரை எல் திருகைத் திருப்புங்கள். லீவரைக் கடைசி வரை தளர்த்தியபின் கேபிளை இழுத்துப் பிடித்து முடுக்குங்கள். எச் திருகு அதற்கப்புறம். கேபிள் நுனிக்குத் தொப்பி போட மறக்காதீர்கள். பிரிந்த இழை கெண்டைக்காலைக் கிழிக்கும்.